டான்வில் ஊர் வைத்தியரும் ஜேன் குரோஃபோர்டும்

வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றதும், "கொழும்புக்கே கொண்டு போவோம்" என்ற பேச்சுத்தான் முதலில் எழும். திறமையெல்லாம் பெரிய நகரத்தில்தான் இருக்கும் என்ற எண்ணம் எமக்கு மட்டும் உரியதல்ல. இருநூறு வருடங்களுக்கு முன் லண்டனிலும் அது இருந்தது. அந்த எண்ணத்துக்கு ஆளான ஒருவர்தான் வைத்தியர் எஃப்ரேம் மெக்டவல்.

1771இல் பிறந்த இவர் எடின்பரோவில் சத்திரசிகிச்சை கற்றார். பட்டம் பெறாமலே திரும்பி, 1795இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள டான்வில் என்ற சிற்றூரில் தொழில் தொடங்கினார். குடலிறக்கம், சிறுநீர்ப்பைக் கல் என வருவது எதுவானாலும் அவர்தான் பார்க்க வேண்டும். குதிரையிலேறித் தொலைதூரம் போய் நோயாளரைப் பார்த்தார். 1812இல் கல் அகற்றப்பட்ட ஒரு பதின்ம வயதுப் பையன், ஜேம்ஸ் போல்க், பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியானார்.

ஆனால் மெக்டவலின் பெயர் நிலைத்தது 1809 டிசம்பரில் நடந்த ஒன்றினால். ஜேன் குரோஃபோர்ட் என்ற பெண்ணின் வயிறு பெருத்திருந்தது. கர்ப்பம் என்றே எண்ணியிருந்தார்கள். மெக்டவல் போய்ப் பார்த்து, அது சூலகக் கட்டி என்றார். இத்தகைய கட்டியை வெட்டியெடுத்து நோயாளி பிழைத்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்பதையும் மறைக்கவில்லை. டான்விலுக்கு வந்தால் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். அவர் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது அந்த உண்மையைச் சொன்னதைத்தான்.

ஜேன் வந்தார். குளிர்காலத்தில், ஏறக்குறைய 60 மைல் தூரம், குதிரையின் மேல், சேணத்தின் முன்பகுதியில் கட்டி அழுத்த அழுத்த. மயக்க மருந்து அன்று இல்லை. ஈதர் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்வதை உலகம் அறிந்தது 1846இல். மேசையில் படுத்திருந்த ஜேன் தமது வேதத்தின் சங்கீதங்களை ஓதிக்கொண்டிருந்தார் என்பர். சுமார் 25 நிமிடங்களில் வேலை முடிந்தது. அகற்றிய கட்டி இருபத்திரண்டரை இறாத்தல். ஐந்தாம் நாள் வைத்தியர் போய்ப் பார்த்தபோது அவர் தன் படுக்கையைத் தானே விரித்துக்கொண்டிருந்தார்! அதன்பின் 1842 வரை வாழ்ந்தார்.

மெக்டவல் உடனே பறைசாற்றவில்லை. இன்னும் இரு நோயாளருக்குச் செய்து பார்த்தபின், 1817இல் பிலடெல்பியா சஞ்சிகையொன்றில் எழுதினார். எடின்பரோவிலிருந்த தன் ஆசான் ஜோன் பெல்லுக்கும் அறிக்கையை அனுப்பினார். பெல்லோ இத்தாலியில் இருந்தார். அது அவர் கைக்குச் சேரவில்லை. லண்டன் சஞ்சிகை ஆசிரியர் ஜேம்ஸ் ஜோன்சன் இதையெல்லாம் நம்பவே மறுத்தார். காட்டூர் வைத்தியர் செய்தாராம், நோயாளி பிழைத்தாளாம்! பின்னர் அவரே தன் சஞ்சிகையில் மன்னிப்புக் கேட்டார். ஒன்றையும் சொல்லவேண்டும்: மெக்டவலின் அறிக்கை மிகச் சுருக்கமானது. சந்தேகம் எழ அதுவும் ஒரு காரணம். செய்யத் தெரிந்தவருக்கு எழுதவும் தெரிந்திருக்கலாம்.

இதுவரை சொன்னது ஒரு வைத்தியரின் பெருமை. எனினும் இக்கதையின் துணிவில் பெரும்பங்கு ஜேனுடையது என்பேன். தோற்றால் வைத்தியருக்குப் பெயர் போகும். ஜேனுக்கு உயிர் போகும். தெரிந்துகொண்டே சம்மதித்தார், தெரிந்துகொண்டே குதிரையேறினார்.

அந்த 'இன்னும் இரு நோயாளர்' யார்? இருவரும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். ஜேனிடம் கேட்டதுபோல அவர்களிடமும் கேட்டார்களா? கேட்டிருந்தாலும், பிறருக்குச் சொத்தாக இருந்த ஒருத்தியால் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியுமா? முதலாமவரின் வெற்றியை மருத்துவ உலகு ஏற்க அவர்களது உடல்களும் சாட்சியாயின. வைத்தியத்துறைக்குப் போக விரும்பும் என் தோழிகள் மெக்டவலைப் படிக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

மெக்டவல் 1830இல் டான்விலிலேயே இறந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று நூதனசாலை. ஜேனின் பெயரில் கென்டக்கியில் ஒரு வீதி இருக்கிறது. 1817 அறிக்கையில் ஜேன் 'திருமதி குரோஃபோர்ட்'. மற்ற இருவரும் வெறுமனே 'நீக்ரோப் பெண்'.