கொரோனா நோயாளிக்கு அவசர ஆபரேஷன்... தியேட்டருக்குள் என்னவெல்லாம் மாறும் தெரியுமா?

கொரோனா பாசிட்டிவ். மூன்றாவது நாள் குடல்வால் வெடித்துவிட்டது. 'நெகட்டிவ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்'னு சொல்ல முடியாது. கத்தி வைத்தே ஆகணும். எங்கே, எப்படி?

சிக்கல் காற்றிலேயே ஆரம்பிக்கிறது. வழக்கமாக ஆபரேஷன் தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். வெளிக்கிருமி உள்ளே வந்து காயத்தில் உட்காரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால், கிருமியே நோயாளியின் மூச்சில் இருந்தால்? அதே அழுத்தம் உள்ளே இருப்பதை காரிடாருக்குத் தள்ளிவிடும். நல்லதுக்குச் செய்ததே வம்பாகிவிடும்!

2020-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை செய்ததைப் பாருங்கள். தனி வாசல் உள்ள தியேட்டரை கொரோனா நோயாளிகளுக்கென ஒதுக்கினார்கள். அதன் முன்னறையும் மயக்க மருந்து கொடுக்கும் அறையும் அழுத்தம் குறைந்தவை. நோயாளி வரும் வழியையும் லிஃப்ட்டையும் செக்யூரிட்டி முன்கூட்டியே காலி செய்துவிடுவார். உள்ளே போனவர்கள் மருந்து எடுக்கக்கூட வெளியே வர முடியாது. வெளியில் நிற்கும் ஒருவர்தான் எடுத்துக் கொடுக்கணும். கத்தி வைக்கும் நேரத்தைவிட, தொண்டையில் குழாய் செருகும் நேரம்தான் டாக்டர்களுக்கு ஆபத்து. ஆபரேஷன் முடிந்து நோயாளி கண் விழிப்பதும் தியேட்டரிலேயே. அடுத்த கேஸுக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி.

அந்த ஒரு மணி நேரத்தின் விலை பெரிது. முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் உலகம் முழுக்க சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ கூடும் என 'கோவிட்சர்ஜ்' ஆய்வுக்குழு கணித்தது. அதில் கேன்சர் கட்டியோடு காத்திருந்தவர்களும் உண்டு. அவர்களிடம் 'அவசரமில்லாத ஆபரேஷன்' என்று யார் சொல்வது?

அதற்காக உடனே செய்துவிடலாம் என்றும் இல்லை. அதே குழு 24 நாடுகளில் தொற்றோடு ஆபரேஷன் செய்துகொண்ட 1,128 பேரைக் கவனித்தது. 30 நாள்களுக்குள் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இறந்திருந்தார். 2021-ல் வந்த பெரிய ஆய்வில், தொற்று உறுதியாகி 2 வாரங்களுக்குள் ஆபரேஷன் செய்தவர்களில் இறப்பு 4.1 சதவிகிதம். 7 வாரம் கழித்துச் செய்தவர்களில் 1.5, அதாவது தொற்றே வராதவர்களின் அளவு.

ஹெர்னியாவோ மூட்டு ஆபரேஷனோ தேதி குறித்திருக்கிறீர்களா? கொரோனா வந்துபோன தேதியை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. 7 வாரம் தாண்டியும் மூச்சு வாங்குகிறது என்றால் அதையும் சொல்லுங்க. அறிகுறி விடாதவர்களுக்கு அப்போதும் ஆபத்து குறையவில்லை. கேன்சர் மாதிரி காத்திருக்க முடியாத நோய் என்றால் கணக்கே வேறு. அதை டாக்டரோடு உட்கார்ந்துதான் போடணும்.