கீபோர்டை மாத்தாதீங்க, லாகினைப் பிரிங்க!



ஆண்டு மலருக்குக் கவிதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நம் லேபில் இருக்கும் ஏழாம் நம்பர் சிஸ்டத்தைப் பற்றி. சிரிக்காதீங்க... அதில் உட்கார்ந்து ரெக்கார்டு டைப் செய்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தால் ஒரு எழுத்து அழியும். அப்புறம் கிட்டத்தட்ட ஒரு விநாடி சும்மா நிற்கும். தமிழில் அடித்தால் இன்னும் கூத்து! 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் 'ம' விசையை இரண்டு தடவை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'ம்ம' வரும். ஏழாம் நம்பரில் வேகமாகத் தட்டினால் இரண்டாவது தட்டு விழவே விழாது. அம்மா 'அமா' ஆனாள், அக்கா 'அகா' ஆனாள், பட்டம் 'படம்' ஆயிற்று.

லேப் அண்ணா கீபோர்டை மாற்றிப் பார்த்தார். சரியாகவில்லை. "லினக்ஸுன்னாலே இப்படித்தான் தம்பி, விண்டோஸ் போட்டுப்போடலாம்" என்றார்.

கீபோர்டை மாற்றி எப்படிச் சரியாகும்? பழைய பிஎஸ்2 கீபோர்டுகளில் எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும் வேலையைக் கீபோர்டே பார்த்தது. இப்போதைய யூஎஸ்பி கீபோர்டு "அழுத்தினான், விட்டான்" என்று மட்டும்தான் சொல்கிறது. எத்தனை நேரம் பொறுப்பது, அப்புறம் எத்தனை வேகத்தில் அடிப்பது என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் மென்பொருள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் டைமர் லேட்டாக விழுந்தால் கிணற்று மோட்டாரையே கழட்டிப் போடுவோமா? (விசையே தேய்ந்து ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தால் அது வேறு கதை. அது அந்த ஒரு விசையில் மட்டும்தான் தெரியும்.)

நான் டெர்மினலைத் திறந்து 'எக்ஸ்செட் க்யூ' கொடுத்தேன். காத்திருக்கும் நேரம் 900 மில்லி விநாடி என்று காட்டியது. 'எக்ஸ்செட் ஆர் ரேட் 250 40' என்று அடித்தேன். அதாவது கால் விநாடி பொறு, அப்புறம் விநாடிக்கு 40 எழுத்து. பறந்தது! மறுநாள் வந்து பார்த்தால் மறுபடி 900. லாகின் ஆகும்போது க்னோம் தன்னிடம் இருக்கும் அளவைத் திரும்பப் போட்டுவிடுகிறது. சரி, க்னோமிலேயே மாற்றுவோம் என்று அங்கேயும் 40 போட்டேன். வேகம் குறைந்துவிட்டது! க்னோம் கேட்பது விநாடிக்கு எத்தனை என்பதை அல்ல, இரண்டு எழுத்துக்கு நடுவே எத்தனை மில்லி விநாடி என்பதை. அங்கே 40 என்றால் விநாடிக்கு 25 எழுத்துதான். எனக்கு வேண்டிய 40-க்கு 25 என்று போட வேண்டும். இந்தக் குழப்பத்தில் ஒரு மதியம் போயிற்று.

வீட்டில் டெபியன் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அதன் க்னோம் வழக்கமாக வேலண்டில் ஓடுகிறது. அங்கே எக்ஸ்செட் பலிக்காது, செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும்.

கடைசியில் அக்சசிபிலிட்டி பக்கத்தில் 'பவுன்ஸ் கீஸ்' ஆன் ஆகியிருந்ததைப் பார்த்தேன். ஒரே விசையை உடனுக்குடன் இரண்டு தடவை தட்டினால் இரண்டாவதைத் தள்ளிவிடும் வசதி அது. அணைத்தேன். அக்கா திரும்ப வந்தாள். பெரிய இன்ஜினியர் மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு முதலாமாண்டுத் தம்பி அதே சிஸ்டத்தில் தவித்துக்கொண்டிருந்தான். ஒரு தட்டுக்கு நாலு எழுத்து. பேக்ஸ்பேஸைத் தொட்டால் வரியே காணோம். லீவில் லேத் பட்டறை வேலைக்குப் போய் வலது கை விரல்களில் அடிபட்டவன் அவன். விரல் நடுங்கும், விசையிலிருந்து சட்டென்று எடுக்க வராது. 900 வைத்தது அவன்தான், பவுன்ஸ் கீஸ் போட்டதும் அவன்தான். "யாரோ மாத்திப்போட்டாங்கண்ணா" என்றான். அந்த யாரோ நான்தான் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அப்படியானால் தப்பு யாருடையது? அவன் வைத்த அளவும் சரி, நான் வைத்த அளவும் சரி. லேப் முழுக்க 'ஸ்டூடன்ட்' என்று ஒரே லாகின் வைத்திருக்கிறோமே, அதுதான் தப்பு என்பது என் கருத்து. இந்த அளவுகளெல்லாம் ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுபவை. பலர் ஒரே மெஷினைப் பகிர்வதற்கென்றே வளர்ந்த யூனிக்ஸ் வழியில் வந்தது லினக்ஸ். அதை வைத்துக்கொண்டு அறுபது பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கிறோம்!

லேப் அண்ணாவிடம் கேட்டேன். "அறுபது பேரும் பாஸ்வேர்டு மறந்துட்டு எங்கிட்டத்தானே வந்து நிப்பீங்க" என்றார். நியாயமான பயம்தான், மறப்போம். ஆனால் அறுபது லாகினை உருவாக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்கள் ஒரு சாயங்காலத்தில் எழுதிக் கொடுப்போம், பாஸ்வேர்டு மறந்தவர்களையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

சங்கத்தின் மூலம் துறைத் தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அதுவரை ஏழாம் நம்பரில் 900-ஐயும் பவுன்ஸ் கீஸையும் பழையபடி வைத்துவிட்டேன். பேக்ஸ்பேஸ் மெதுவாகப் போகிறதென்று யாரும் அதில் கை வைக்காதீங்க. எட்டாம் நம்பர் காலியாகத்தான் இருக்கிறது.

- மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு