தரச் சான்றிதழும் படச்சுருளும்

பெட்டியின் மேல் முத்திரையைக் கண்டதும் உள்ளிருக்கும் பொருளும் நன்றென்று கொள்வது மக்கள் இயல்பு. அவ்வியல்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் புகைப்படச் சுருளை முன்வைத்து ஆராய விரும்புகின்றோம்.

1996 ஆம் ஆண்டில், எமக்குக் கணிதம் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவருக்குக் கொட்டாஞ்சேனையில் பிரியாவிடை நடத்தினோம். வெள்ளவத்தைக் காலி வீதியிற் கடையொன்றில் வண்ணச் சுருள் வாங்கி முப்பத்தாறு படங்கள் எடுத்தோம். அச்சுருளைச் செய்தோர் தர முகாமைச் சான்றிதழ் பெற்றவர் என்பது விளம்பரங்களிற் கண்ட செய்தி. கழுவிப் பார்த்தபோதோ படங்கள் யாவும் மங்கி நிறம் திரிந்திருந்தன. கடலை நோக்கிய கண்ணாடிப் பெட்டியில், பிற்பகல் வெயிலில், அச்சுருள் பல மாதம் கிடந்தமை பின்னரே தெரியவந்தது. மறு ஆண்டு ஆசிரியர் மறைந்தார். இன்று எம்மிடம் அவர் படம் ஒன்றுமில்லை.

ஐ.எஸ்.ஓ. 9000 என்னும் கட்டளைத் தொகுதி, பிரித்தானியர் 1979 இல் வகுத்த ஒன்றைத் தழுவி 1987 இல் வெளிவந்தது. அது கூறுவது யாது? செய்முறையை எழுதி வைக்க; எழுதியவாறே செய்க; பிழை நேரின் காரணம் கண்டு திருத்துக என்பதே. பொருள் இத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று அது விதிப்பதில்லை. நாள்தோறும் ஒரே அளவு உப்பு மிகுந்த சாம்பாரை வைக்கும் சமையற்காரரும் ஒழுங்குடையவரே; ஆயின், அதனாற் சாம்பார் சுவைத்துவிடாது.

எனினும் அதனை வெறும் காகிதமென இகழ்வது நீதியாகாது. சுருளின் மேற் பூசப்படும் வெள்ளியுப்புக் கலவை மிக மெல்லியது. பூச்சு முழுவதும் இருளிலேயே நிகழ்வது. சிறிது பிசகினும் ஒரு தொகுதி முழுவதும் கெடும். இன்று வாங்கிய சுருளும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒரே தன்மையாய் இருக்க, ஒழுங்கு இன்றியமையாதது. 2000 ஆம் ஆண்டுத் திருத்தம் வாடிக்கையாளர் நிறைவையும் இடையறாத முன்னேற்றத்தையும் வலியுறுத்தியது. ஆதலின் சான்றிதழ் தருவது ஒருசீர்மை, சிறப்பு அன்று.

வேடிக்கை யாதெனில், சுருட் பெட்டியின் மேல் ‘ஐ.எஸ்.ஓ. 100’, ‘ஐ.எஸ்.ஓ. 400’ என்றும் காண்கிறோம். இவ்வெண் ஆலையின் நிருவாகத்தைப் பற்றியதன்று. சுருள் ஒளியை உணரும் வேகத்தை அளந்து கூறுவது. முன்னது செய்வோரைப் பற்றிய சான்று. பின்னது பொருளைப் பற்றியது. எமது நாட்டிலும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை பொருளுக்கே உரியது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் ஏமாறுவர்.

ஒழுங்கு மட்டும் ஓர் ஆலையைக் காவாது என்பதற்கு உதகமண்டலம் சான்று. 1960 இல் நிறுவப்பெற்று 1967 இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரிற் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தந்தது. மக்கள் வண்ணப் படத்தை நாடினர், ஆலை நலிந்தது, ஈற்றில் மூடப்பட்டது. 2012 இல் கோடாக் நிறுவனமே நீதிமன்றத்தின் காப்பை நாடியது. எதனைச் செய்வது என்னும் தெளிவை எச்சான்றிதழும் தருவதில்லை.

ஆகவே, மீண்டும் படச்சுருளை நாடும் இளைஞருக்கு எமது கருத்து இது. காலாவதி நாளைப் பாருங்கள். கடைக்காரர் அதனைக் குளிரில் வைத்தாரா என்று கேளுங்கள். அருமையான நிகழ்ச்சிக்கு முன்னர் ஒரு சுருளைச் சோதித்துக் கொள்ளுங்கள். ஆலை வாசலோடு சான்றிதழின் ஆட்சி முடிகிறது. வெயிலுக்கு அது தெரியாது.

சான்றிதழ்களை எண்ணிப் பெருமை கொள்ளும் மாணவருக்கும் இது பொருந்தும். பரீட்சைத் தாள் நாம் ஒழுங்காய்ப் படித்தோம் எனக் கூறலாம். படித்தது பயன்பட்டதா என்பதை வாழ்க்கையன்றோ கழுவிக் காட்டும்!