இலக்கு எடை: யார் குறித்த இலக்கு?

சென்ற மாதம் சாந்திபுரத்தில் எங்கள் வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்தபோது இரண்டு அட்டைகள் கிடைத்தன. இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மருத்துவ முகாமில் ஒரே நாளில் எழுதப்பட்டவை. ஒன்று அம்மாவுடையது. உயரம் 152 செ.மீ., எடை 64 கிலோ. கீழே சிவப்பு மையில் 'இலக்கு: 45 கிலோ'. மற்றொன்று அப்பாவுடையது. உயரம் 168 செ.மீ., எடை 58 கிலோ. கீழே பச்சை மையில் 'இயல்பு'.

அந்த அட்டைக்குப் பின் அம்மா இரவில் களி உண்பதை நிறுத்தினார். பகலில் மல்பெரித் தோட்டத்தில் தழை அறுத்துச் சுமக்கும் உடம்பு அது. ஏழாவது வாரம் வரப்பில் மயங்கி விழுந்தார். குறைந்திருந்த எடை ஐந்து கிலோ. இலக்குக்கு இன்னும் பதினான்கு மிச்சம். 'என்னால் ஆகாது' என்று முயற்சியையே கைவிட்டார். ஆண்டு முடிவதற்குள் அந்த ஐந்தும் திரும்ப வந்துவிட்டன. பச்சை மை பெற்ற அப்பாவோ நிம்மதியாக இருந்தார். இரண்டாண்டு கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குச் சென்றபோதுதான் சர்க்கரை நோய் தெரிய வந்தது. அவருடைய இடுப்பைச் சுற்றி அன்றுதான் முதன்முறையாக ஒருவர் நாடா வைத்து அளந்தார்: 94 செ.மீ.

இரண்டு பிழைகளும் தற்செயலானவை அல்ல, ஒரே கருவியின் இரண்டு விளைவுகள் என்பதே இப்பதிவின் வாதம். உயரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஒற்றை எண்ணைத் திருப்பித் தரும் வாய்ப்பாடு, தனிமனிதருக்கு இலக்கு வகுக்கத் தகுதியற்றது.

அந்த 45 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இணையக் கணிப்பான்கள் பலவற்றில் பயன்படும் டிவைன் சூத்திரம், ஐந்தடி உயரமுள்ள பெண்ணின் 'இலட்சிய எடை' 45.5 கிலோ என்கிறது. 1974இல் வெளியான அச்சூத்திரத்தின் நோக்கம் மருந்தளவைக் கணக்கிடுவது. ஜென்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எவ்வளவு செலுத்துவது என்பதற்கான தோராயம். எவரும் எந்த எடையில் நலமாக வாழ்கிறார் என்று ஆராய்ந்து பெற்றதல்ல. மருந்துச்சீட்டுக்குப் பிறந்த எண் என் தாயின் உணவுத்தட்டில் வந்து அமர்ந்தது.

உயரத்திலிருந்து நூறைக் கழிக்கும் மற்றொரு கணக்கு நம் ஊர்களில் இன்னும் வழங்குகிறது. அது பால் ப்ரோக்காவின் பெயரால் அறியப்படுவது. மொழியியல் பயின்றோர்க்கு அவர் புதியவர் அல்லர்: 1861இல் பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, பேச்சுக்குரிய பகுதியைச் சுட்டியவர். அதே ப்ரோக்கா மண்டையோடுகளை அளந்து மனித இனங்களைத் தரவரிசைப்படுத்த முனைந்தவர் என்பதையும் நாம் வகுப்பறையில் மறப்பதில்லை. அவர் பெயரிலான கழித்தல் கணக்கை மட்டும் கேள்வியின்றி ஏற்கிறோம். அதன்படி அம்மாவின் இலக்கு 52.

மூன்றாவது, உடல் நிறைக் குறியீடு. 1830களில் பெல்ஜியத்தின் கெட்லே, 'சராசரி மனிதன்' யார் என்று தேடியபோது கண்ட விகிதம் அது. 1972இல் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். அவர்கள் ஆராய்ந்தவர்கள் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர், அனைவரும் ஆண்கள், அந்நாடுகளில் இந்தியா இல்லை. இக்குறியீட்டின் எல்லைக்கோடுகளும் நிலையானவை அல்ல. 1998இல் அமெரிக்கா மிகை எடையின் எல்லையை 25ஆகக் குறைத்தபோது, ஒரு கிராம்கூட ஏறாமலேயே அந்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடையினர் ஆயினர். ஆசியர்களுக்கு 23 முதலே கவனம் தேவை என 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது. 2009இல் இந்திய வல்லுநர்களும் 23ஐ மிகை எடைக்கும் 25ஐப் பருமனுக்கும் எல்லையாக வைத்தனர். இதன்படி அம்மாவின் 'இயல்பு' 43 முதல் 53 கிலோ வரை.

நான்காவது, உடற்சட்டத்தைக் கணக்கில் கொண்ட பட்டியல். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940களில் வெளியிட்ட அட்டவணைக்கு வைத்த பெயர் 'இலட்சிய எடை'. 1959இல் அது 'விரும்பத்தக்க எடை' ஆயிற்று. 1983இல் இரண்டு அடைமொழிகளும் உதிர்ந்து, வெறும் 'உயர எடைப் பட்டியல்' எஞ்சியது. ஒரு சொல்லின் பொருட்புலம் நாற்பதாண்டில் எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை. பட்டியலைத் தயாரித்தவர்களே 'இலட்சியம்' என்ற சொல்லைக் கைவிட்ட பிறகும், நம் முகாம் அட்டைகள் அதை விடவில்லை.

அப்பட்டியல் சிறு, நடு, பெரும் சட்டம் என மூன்று வரிசை கொண்டது. ஆனால் 1959ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒருவரின் சட்டம் எதுவென்று கண்டறியும் வழிமுறை தரப்படவில்லை. 1983இல்தான் முழங்கை எலும்பின் அகலம் அளவுகோலாக வந்தது. எடைகளோ காலணியும் உடையும் அணிந்த நிலைக்கு உரியவை. அளக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் காப்பீடு வாங்கும் வசதி பெற்றிருந்தவர்கள். அதன்படி அம்மாவின் உயரத்துக்குச் சிறு சட்டம் 48 கிலோவில் தொடங்குகிறது. பெருஞ்சட்டம் 63 கிலோவுக்குச் சற்று மேலே முடிகிறது.

ஒரே பெண், ஒரே உயரம், நான்கு வாய்ப்பாடுகள். விடை 43 முதல் 63 வரை. இருபது கிலோ இடைவெளியுள்ள விடைத்தொகுதியிலிருந்து அடிமட்டத்துக்கு அருகிலுள்ள ஓர் எண்ணைப் பொறுக்கி, அதைச் சிவப்பு மையில் எழுதுவதை அறிவியல் என்று எப்படி அழைப்பது?

இவ்விடத்தில் சிலர் மகிழக்கூடும்: 'எனக்குப் பெரிய எலும்பு, ஆகவே என் எடை சரியே.' அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எலும்புக்கூடு உடல் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். சட்ட வேறுபாடு சில கிலோக்களை விளக்கும். முப்பது கிலோவை விளக்காது. மணிக்கட்டுச் சுற்றளவால் சட்டம் காணும் வழியைப் பாருங்கள். ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த பெண்களில், ஐந்தரை அங்குலத்துக்குக் கீழே சிறு சட்டம். ஐந்தே முக்காலுக்கு மேலே பெருஞ்சட்டம். நடுச் சட்டத்துக்கு எஞ்சுவது கால் அங்குலம். நாடாவைச் சற்றே இறுக்கினால் வகை மாறிவிடும். உடற்சட்டம் உண்மை, அதை மூன்று பெட்டிகளுக்குள் அடைப்பது வசதிக்கான கற்பனை. அம்மாவின் 64 கிலோ அந்தத் தாராளமான பட்டியலின் மேல் எல்லையையும் தாண்டியதே. அவருடைய இடுப்புச் சுற்றளவு அப்போது 92 செ.மீ.; இந்தியப் பெண்களுக்கு வகுக்கப்பட்ட எல்லை 80. எடையைக் குறைக்கச் சொன்னதில் தவறில்லை. எட்டவே முடியாத எண்ணைச் சொன்னதில்தான் தவறு.

அப்பாவின் அட்டைக்கு வருகிறேன். 2004இல் லான்செட் இதழில் புணேயின் சி. எஸ். யாஜ்னிக்கும் இலண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தசை குறைந்து வயிற்றில் கொழுப்புச் சேரும் இந்த வாகு நம் நாட்டில் பரவலானது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வைக் காணுங்கள்: குறியீட்டின்படி பருமனுடையோர் 28.6 விழுக்காடு, இடுப்புச் சுற்றளவின்படி 39.5 விழுக்காடு. இவ்விரு எண்களின் இடைவெளியில் நிற்பவர்களே பச்சை மை பெற்றவர்கள். அவர்களுள் ஒருவர் என் தந்தை.

'நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கையில், எளிய எண் ஒன்று இருப்பது நல்லதல்லவா?' என்று கேட்பீர்கள். மக்கள்தொகையை ஆராய எளிய எண் போதும். அதை நான் மறுக்கவில்லை. வட்டாரம் முழுவதற்குமான பேச்சுவழக்குச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதரிடம் 'நீ பேசுவது பிழை' என்று சொல்ல எந்த மொழியியலாளரும் துணியமாட்டார். எடையில் மட்டும் அதைத் துணிகிறோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் இந்திய ஆணின் மேற்கோள் எடையை 60இலிருந்து 65 கிலோவாக உயர்த்தியது, பெண்ணின் எடையை 55 கிலோ என வைத்தது. அது ஊட்டச்சத்துத் தேவையைக் கணக்கிடுவதற்கான அடிப்படை. செய்திகளிலோ அது 'இந்தியரின் இலட்சிய எடை' ஆகிவிட்டது. மேற்கோள் அளவை இலட்சியமாக மொழிபெயர்த்த கணத்திலேயே பிழை தொடங்கிவிட்டது.

அவ்வாறாயின் நியாயமான இலக்கு எது? சான்றுகள் தெளிவாகவே உள்ளன. 2002இல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, பங்கேற்றோர்க்கு வைத்த இலக்கு இருக்கும் எடையில் 7 விழுக்காடு குறைப்பதும், வாரம் 150 நிமிட உடலுழைப்பும்தான். நோய்க்கு ஆளாவது 58 விழுக்காடு குறைந்தது. நமக்கு இன்னும் அருகிலுள்ள சான்று, சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு. மூன்றாண்டு நடையும் உணவு மாற்றமும் நோய்க்கு ஆளாவதை 28.5 விழுக்காடு குறைத்தன. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே இது நிகழ்ந்தது. தராசு முள் அசையாவிட்டாலும் உடம்பு தேறும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே இலக்கு, பட்டியலிலிருந்து கீழ்நோக்கி அன்று, இருக்கும் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு இருக்கும் எடையில் ஐந்து விழுக்காடு போதும். அம்மாவுக்கு அது மூன்று கிலோ. அதைத் தக்கவைத்த பிறகே அடுத்த படி. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியை நோக்கி நகர்கிறதா என்பதே முதற்கேள்வி. அதற்கு ஒரு நூல் போதும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இரண்டாம் கேள்வி. இருபத்தைந்து வயதில் தம் எடை என்னவாக இருந்தது, குடும்பத்தில் எவர் எந்த வாகு, அன்றாட உழைப்பு எத்தகையது என்பவை மூன்றாம் கேள்வி. பட்டியல், வேண்டுமானால், இறுதியில் ஓர் ஒப்பீடாக வரலாம்.

எங்கள் எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. தமிழில் 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்றால் உடலின் அளவைக் கேட்கவில்லை, நலத்தைக் கேட்கிறோம். மெலிந்தவரைக் கண்டால் தெலுங்கில் 'சிக்கிப்போயாவு' என்பதும், தமிழில் 'இளைச்சுப் போயிட்டியே' என்பதும் பாராட்டல்ல, கவலை. அம்மா ஐந்து கிலோ குறைந்தபோது பக்கத்து வீட்டார் கேட்டதும் அதைத்தான். அவர்களுடைய சொல்லில் கவனம் இருந்தது, அட்டையில் இல்லை. பழஞ்சொல் எல்லாம் அறிவியல் என்று நான் சொல்லவில்லை. 'பூசினாற்போல் இருக்கிறார்' என்று போற்றப்பட்ட உடம்புகளிலும் நோய் ஒளிந்திருந்தது. ஆயினும் நலத்தையும் எடையையும் ஒன்றாக்காத ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. அதை நம் முகாம்களின் மொழியாக்க முடியும்.

இப்பதிவைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் அட்டை அச்சிடுபவர்கள் நாம்தான். கிராமத்தில் உயரமும் எடையும் குறிப்பவர்களும் நம் மாணவர்களே. அடுத்த முகாமில் 'இலட்சிய எடை' என்ற வரியை நீக்குங்கள். அவ்விடத்தில் இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மூன்று கட்டங்களை வையுங்கள். எடையை வரிசையில் நிற்போர் கேட்கும்படி உரக்கப் படிக்காதீர்கள். எடை குறைப்பது தேவையென்றால் ஐந்து விழுக்காடு எத்தனை கிலோ என்று கணக்கிட்டு, அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். ஓர் அட்டைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும்.

அம்மா சென்ற ஆண்டு மறுபடியும் தொடங்கினார். களியை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டினார். எட்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது, இடுப்பு 86. அட்டையில் எழுதிய 'இலக்கை' அவர் இன்னும் அடையவில்லை. வரப்பில் மயங்கி விழவும் இல்லை. அப்பாவின் புண் ஆறிவிட்டது. இரண்டு விரல்களை இழந்த பிறகு. அவருடைய பச்சை அட்டையை நான் எடுத்து வந்திருக்கிறேன். என் மேசையில் இருக்கிறது.