சர்நேமைத் தேடாதீங்க, நம்பரைத் தேடுங்க!

போன மாசம் எங்க டெஸ்க் மெயிலுக்கு மொரீஷியஸிலிருந்து ஒருத்தர் எழுதியிருந்தார். முப்பது வயசுக்குள். போர்ட் லூயிஸில் அக்கவுண்டன்ட் வேலை. தமிழ் பேச வராது, எழுத்துக்கூட்டி வாசிப்பாராம். கேள்வி ஒன்றுதான்: ‘என் சர்நேம் இந்தத் தீவிலேயே நாலு வீட்டில்தான் இருக்கு. தமிழ்நாட்டில் இது எந்தக் குடும்பத்தின் பெயர்?’

அந்த சர்நேமை இங்கே போடப் போவதில்லை. நாலே வீடு என்றால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆனால் சத்தமாகப் படித்துப் பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம தெருவில் நாலு தாத்தாவுக்கு இருக்கும் சாதாரணப் பெயர்தான் அது. ஓர் எழுத்து மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

நான் எழுதிய பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும். ‘இது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லைங்க. ஒரு ஆளோட பெயர். அதுவும் ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்த மாதிரி.’

சர்நேம் அபூர்வமாக இருந்தால் வேரைத் தேடுவது சுலபம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கு. பிரிட்டனில் அது உண்மையும்கூட. அங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவு. 1841 சென்சஸிலிருந்து வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் கிடைக்கிறது. சர்நேமோ பல நூறு வருஷமாக அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. அதனால் ஒரே ஒரு சர்நேமை எடுத்துக்கொண்டு, உலகத்தில் அந்தப் பெயருள்ள எல்லாரையும் தேடிச் சேர்க்கிறவர்களுக்கென்று 1979 முதல் ஒரு சங்கமே அங்கே இயங்குகிறது. ‘ஸ்மித்’ என்றால் தலைவலி. நாலு வீட்டில் மட்டும் இருக்கும் பெயர் என்றால் லாட்டரி.

நம்ம கதைக்கு இந்த ஃபார்முலா பொருந்தாது. நம்மிடம் இருப்பது இன்ஷியல். எனக்கு அப்பா பெயர், அப்பாவுக்குத் தாத்தா பெயர், தாத்தாவுக்கு அவங்க அப்பா பெயர். பாஸ்போர்ட் ஃபார்மில் ‘சர்நேம்’ கட்டம் வந்ததும் அப்பா பெயரைத் தூக்கி அதில் போட்டோம். விளைவு, ஒரே வீட்டில் மூணு தலைமுறைக்கு மூணு சர்நேம். கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே சர்நேமாகி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று வாங்கி வருகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆபீஸில் யாராவது ஒருத்தர் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார்.

இதே கட்டம்தான் 19ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் ஏறினவர்கள் முன்னாலும் வந்து நின்றது. ஃபார்மை நிரப்பினது மட்டும் அவர்கள் இல்லை.

நூறு ரூபாயில் ஒரு சீனிவாசன்

மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தலைவருடையது. ஆங்கில எழுத்தில் அவர் சர்நேமில் இரண்டு இடத்தில் இரட்டை ‘இ’, ஓர் இடத்தில் இரட்டை ‘எஸ்’. இங்கே எந்த சீனிவாசனும் அப்படி எழுதுவதில்லை. நம்ம ஊரில் அது ஓர் ஆளின் பெயர், அங்கே குடும்பப் பெயர். 2018, 2019-இல் அந்த நாட்டின் பொறுப்பு ஜனாதிபதியாக இருந்தவரின் சர்நேம் வையாபுரி. இதுவும் அதே கதைதான்.

நடந்தது என்ன? பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கு மட்டும் 1834 முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சுமார் நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர். அங்கே போய்ச் சேர்ந்த முதல் கப்பல் மதராஸிலிருந்து கிளம்பின ‘ட்ரூரோ’. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது.

இறங்கினவர் ‘முத்து’ என்று சொல்வார். எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாது. ‘உ’ வரும் இடத்தில் இரட்டை ‘ஓ’ போட்டிருந்தால் பெரும்பாலும் ஆங்கிலக் கை. ‘ஓ’வும் ‘யு’வும் சேர்ந்து வந்தால் பிரெஞ்சுக் கை. ஆக, சர்நேமின் எழுத்துக்கூட்டலில் எழுதினவரைப் பற்றித் துப்பு கிடைக்கும். பெயருக்குச் சொந்தக்காரரைப் பற்றிக் கிடைப்பது குறைவு. அண்ணன் ஒரு வரிசையில், தம்பி இன்னொரு வரிசையில் நின்றிருந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு சர்நேம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே ஊரில் இருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் சொந்தம் என்று கண்டுபிடிக்க அந்தப் பெயர் உதவாது.

டர்பன் பக்கம் இன்னொரு வகை. பிள்ளை, முதலியார், கவுண்டர், படையாச்சி என்ற பட்டங்களே சர்நேம் ஆகிவிட்டன. ‘மூட்லி’ என்றால் முதலியார், ‘கோவெண்டர்’ என்றால் கவுண்டர். ‘கோவிந்தனா?’ என்று கேட்டு நானே பல்பு வாங்கியிருக்கிறேன். இங்கே 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், நாம் விட்டோம், குறைந்தபட்சம் பெயரிலாவது. அங்கே அது பிறப்புச் சான்றிதழில் உறைந்து போச்சு.

அந்த எண்

சரி, எதைத் தேடுவது? கப்பல் ஏறின ஒவ்வொருத்தருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். தோட்டத்தில் ஆளை அடையாளம் காட்டினதே அந்த எண்தான். மனுஷனை எண்ணாக்கின கொடுமை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று வாரிசுகளுக்கு இருப்பதிலேயே உறுதியான பிடி அதுதான். சர்நேம் ஏழு விதமாக மாறும். எண் மாறாது.

நேட்டால் கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக என்னென்ன இருக்கு தெரியுமா? பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு, மச்சம், கப்பலின் பெயர், யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பது வரை. மொரீஷியஸ் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. 1860-களின் நடுவிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு. நம்ம வீட்டில் கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தின தலைமுறைக்கு போட்டோ இருக்கா? எங்க வீட்டில் கொள்ளுத்தாத்தாவுக்கே இல்லை.

இதில் என்னை உலுக்கின விஷயம் வேற. அந்தப் பட்டியலில் பெண்களுக்கும் தனி எண். தனிப் பெயர். நேட்டால் பட்டியல் என்றால் தகப்பன் பெயரும் சேர்த்து. யாருடைய மனைவி என்பதற்குள் அவர்கள் கரைந்து போகவில்லை. சர்நேமைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆண் வழி மட்டும்தான் கையில் வரும், குடும்பத்தில் பாதி காணாமல் போகும். எண்ணைப் பிடித்தால் அந்தப் பாட்டியும் வருவாள், அவள் ஏறின ஊரும் வரும். மெயில் எழுதினவரிடம் நான் இரண்டாவதாகக் கேட்டது அதைத்தான்: ‘உங்க கொள்ளுப்பாட்டியின் எண் தெரியுமா?’ அவர் அதுவரை தேடவே இல்லை.

எல்லாருக்கும் எண் கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டில், தீவு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தபோதே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்கள் அங்கே போயிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இந்தப் பதிவேடு பயன்படாது. ரீயூனியன் தீவுக்காரர்களுக்கு புதுச்சேரி, காரைக்கால் வழி. அங்கே பிரெஞ்சு நிர்வாகம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடு வைத்திருந்தது. அதன் பிரதிகள் பிரான்ஸின் காலனி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கணிசமானவற்றை ஆன்லைனிலேயே பார்க்கலாம்.

புதுச்சேரி என்றதும் ஒன்று சொல்லணும். தமிழர்கள் விரும்பி சர்நேம் எடுத்துக்கொண்ட இடம் அதுதான். 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி, சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குக் கீழே வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, ‘லபோர்த்’ ஆனார். பிரெஞ்சில் ‘கதவு’ என்று அர்த்தம். உங்க சர்நேம் அந்த வகை என்றால் அதிர்ஷ்டம், அது எந்த வருஷத்துக்குப் பிறகு பிறந்தது என்பதே தெரிந்துவிடும்.

கதவு இந்தப் பக்கம்தான் மூடியிருக்கு

எண் கிடைத்து, ஊர் பெயரும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சிக்கல் இனிமேல்தான், அதுவும் நம்ம பக்கம்.

பதிவேட்டில் ‘வட ஆற்காடு’ என்று இருக்கும். கூகுள் மேப்பில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அதற்குள் அடக்கம். 1911 வரை அதன் தலைநகரே சித்தூர், இன்று அது ஆந்திரா. ‘தஞ்சாவூர்’ என்று இருந்தால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மூன்றையும் பார்க்கணும். ஊர் பெயர் புதூர், நத்தம், புதுப்பாளையம் மாதிரி இருந்தால் தாலுகா தெரியாமல் நகரவே முடியாது.

ஊரைக் கண்டுபிடித்துப் போனால்? நிலம் வைத்திருந்தவருக்கு செட்டில்மென்ட் பதிவேட்டிலாவது ஒரு வரி இருக்கும். கப்பல் ஏறினவர்களில் எத்தனையோ பேர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள், நிலமே இல்லாதவர்கள். நம்ம ஆவணங்கள் நிலத்தைப் பதிந்தன, அதில் உழைத்த ஆளைப் பதியவில்லை. கடல் கடந்து கூலியாகப் போனதால்தான் அவர்களுக்கு ஒரு வரி எழுதினார்கள் என்பதை நினைத்தால் கஷ்டமாக இருக்கு.

அப்புறம் அந்தக் கேள்வி. வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் பழைய காகிதத்தோடு ஊருக்குள் வந்தால், டீக்கடையில் முதலில் கேட்பது ‘என்ன ஆளுங்க?’ என்றுதான். பதிவேட்டிலும் சாதிக் கட்டம் இருப்பதால் அவரும் காட்டிவிடுவார். அதன்படி அவரை ஒரு தெருவுக்கு அனுப்புவார்கள், இல்லை தெருவுக்குள் விடாமல் பேசி அனுப்புவார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆறு தலைமுறை கழித்து வந்து நிற்கிறவர் கேட்பது ‘நாங்க எங்கிருந்து போனோம்’ என்றுதான். சாதிச் சான்றிதழ் கேட்டு வரவில்லை. அந்தக் கட்டம் தேடுவதற்கு உதவும் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

ஊர் பெயரே ஒருத்தரை நம்மவர் ஆக்கிவிடும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கேயே சிறைவாசத்தில் நோயுற்று 1914-இல் இறந்துபோன பெண்ணை நாம் இன்றும் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். தில்லையாடி அவருடைய குடும்பத்தின் வேர் இருந்த ஊர். அவர் சர்நேமைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

‘டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தெரியாதா?’ என்பார்கள். தென்னிந்தியா இத்தனை சதவீதம் என்று வரும். எந்தத் தாலுகா என்று வராது.

இது வெறும் சென்டிமென்டும் இல்லை. இந்தியக் குடிமகனின் கொள்ளுப்பேரன் வரைதான் பொதுவாக ஓ.சி.ஐ. கார்டு. மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை கொடுக்கலாம் என்று 2024 மார்ச்சில் ஜனாதிபதி அங்கே போனபோது அறிவித்தார். ஆனால் அத்தனை தலைமுறையையும் காகிதத்தில் காட்டணும். நாலு வீட்டு சர்நேம் இருக்கு என்று சொன்னால் யாரும் கார்டு கொடுக்க மாட்டார்கள். அதனால் இங்கேயும் ஒரு வேலை பாக்கி இருக்கு. அந்தப் பதிவேடுகளில் இருக்கும் பழைய ஊர், தாலுகா பெயர்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்தி, தமிழ்நாடு அரசே ஒரு இலவச ஆன்லைன் பட்டியல் போடலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்ட ஆவணங்கள் இருக்கின்றன. ஊர் பெயரை நம்மைவிட நன்றாக யார் உச்சரித்துப் பார்க்க முடியும்?

அவருக்கு உதவுகிறேன் என்று கிளம்பி, என் வீட்டு வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அப்பா வழியில் இன்ஷியலைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் தாண்டினேன். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ‘குலதெய்வக் கோயிலுக்குப் போனால் பங்காளிங்க சொல்வாங்க’ என்றார் அப்பா. நமக்கு சர்நேம் செய்யவேண்டிய வேலையை அந்தக் கோயில்தான் செய்கிறது. எங்கெங்கோ சிதறினவர்கள் பொங்கல் வைக்க அங்கே வந்து சேர்கிறார்கள்.

ஆனால் அப்பாவைப் பெற்ற ஆயாவின் அம்மா? எல்லாரும் ‘போளூர் ஆயா’ என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவளை ஊர் பெயராலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். போளூரும் பழைய வட ஆற்காடுதான். அதே தாலுகாவிலிருந்து அவள் கப்பல் ஏறியிருந்தால் அவள் பெயர், வயசு, தழும்பு எல்லாம் இன்று எனக்குத் தெரிந்திருக்கும். ஏறாததால் ஊர் மட்டும் மிஞ்சியிருக்கு.

மொரீஷியஸ்காரர் நேற்று பதில் போட்டார். கொள்ளுப்பாட்டியின் எண் கிடைத்துவிட்டதாம். அவள் வந்தது வேறு தாலுகா, வேறு கப்பல். ஊர் பெயரை நாலு விதமாக உச்சரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில், போளூர் ஆயாவின் பெயரைக் கேட்டுப் பெரிய அத்தைக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பினேன். அவங்களுக்கு எண்பத்தொன்று. ‘எங்கம்மா தூக்கத்துல ஒரு பேரைச் சொல்லும், யோசிச்சுச் சொல்றேன் இரு’ என்றிருக்கிறார்.