கள்ளிமுளையானைப் பிடுங்காதீங்க, ஒடிச்சு நடுங்க

பேருல கள்ளி இருக்கே தவிர இது கள்ளி இல்லீங்க. முள்ளு கிடையாது, ஒடிச்சா பாலும் வராது. எருக்கஞ்செடிக்கு ஒன்னுவிட்ட சொந்தம். நாலு பட்டைத் தண்டு, விரல் தண்டி, இலைன்னு சொல்ல ஒன்னும் இருக்காது. சத்தியமங்கலம் பக்கத்து வறண்ட காட்டுல முட்புதர் நிழல்ல ஒளிஞ்சு நிக்கும். ஆடு மேய்க்கிறவங்க போற போக்குல ரெண்டு தண்டு ஒடிச்சு மென்னுட்டே போவாங்க. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கசப்பு.

அப்படி ஒடிச்சுத் தின்னு இந்தச் செடி அழியலை. இப்ப வேரோட பிடுங்கறாங்க பாருங்க, அதுலதான் அழியும்.

எல்லாம் உடம்பு இளைக்கத்தான். இதுல ஒரு கூத்து என்னன்னா, பசி எடுக்கலைன்னா துவையல் அரைச்சுக் குடுத்த செடி இது. அதையே இப்ப பசியை அடக்குற மாத்திரைன்னு விக்கிறாங்க! 2007ல வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்னு இருக்கு. 50 பேர், 60 நாள். இடுப்புச் சுத்தளவும் பசியும் கொறஞ்சுதுன்னாங்க. எடை? வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களோட ஒப்பிட்டா சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. இதுக்கா காட்டைச் சுரண்டணும்?

இன்னொரு கூட்டம், அபூர்வச் செடி சேர்க்கிற நம்மாளுங்க. தொட்டியில வெச்சுப் போட்டோ எடுக்கணும், அதுக்குப் பாறை இடுக்குல கிடக்கிற தூரையே பேர்த்துட்டு வர்றது. கேட்டா "காட்டுச் செடிக்குத்தாங்க வீரியம்"னு பதில் வேற. சரி, தின்கிறது தண்டைத்தானே? வேரைப் பிடுங்கினா வீரியம் எங்கிருந்து கூடும்?

இத்தனைக்கும் இதை வளர்க்கிற மாதிரி சுலபம் வேற இல்லை. ஏற்கெனவே வளர்க்கிறவங்ககிட்ட நாலு விரல் நீளத்துக்கு ஒரு தண்டு வாங்குங்க. வெட்டின வாய் காயற வரைக்கும் நாலஞ்சு நாள் நிழல்ல போட்டு வையுங்க. இங்கதான் பலபேர் அவசரப்படுவாங்க, பச்சைக் காயத்தோட நட்டா அழுகிரும். ஒரு பங்கு செம்மண், ரெண்டு பங்கு பொடிக்கல்லு கலந்த மணல். அரை இஞ்சு ஆழம் போதும். ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க. அப்புறமும் மண்ணு நல்லாக் காஞ்ச பொறவுதான். காலை வெயில் போதும், உச்சி வெயிலுக்கு மறைப்பு வேணும். தோட்டம் இருக்கிறவங்களுக்குத் தொட்டியே வேண்டாம், கிளுவை வேலி அடியில சொருகி விடுங்க. காட்டுல முட்புதர் செய்யற வேலையை அங்க கிளுவை செய்யும்.

பூவு நாறும், மூக்கைப் பொத்திக்காதீங்க. அந்த நாத்தத்துக்கு ஈ வந்தாத்தான் காய் பிடிக்கும். ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடிக் காய். வெடிச்சா எருக்கு விதையாட்டம் பஞ்சோட பறந்துரும், அதனால முன்னாடியே நூல் போட்டுக் கட்டிருங்க.

நான் திட்டறது காட்டுக்குள்ளயே இருக்கிற ஊராளி, இருளர் மக்களை இல்லை. சிறு வனப்பொருள் மேல அவங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டமே உரிமை குடுத்திருக்கு. 2013ல இருந்து சத்தி புலிகள் காப்பகம். அங்க கீழ இருந்து கார்ல போயி மூட்டை கட்டற நமக்கு என்ன உரிமைங்க?

ஆப்பிரிக்காவுல ஹூடியான்னு இதோட சொந்தக்காரச் செடி ஒன்னு. பசி தாங்க சான் மக்கள் மென்னுட்டு வந்தது. அதுலயும் இளைக்கிற மருந்துன்னு கம்பெனிங்க பாய்ஞ்சுது. 2003ல சான் மக்களுக்குப் பங்கு தர ஒப்பந்தம் போட்டாங்க. 2004ல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்லயும் சேர்க்க வேண்டியதாப் போச்சு. நம்ம செடியை அந்த நெலமைக்குக் கொண்டு போகாம இருக்க ஒரு தண்டும் ஒரு பிடி மணலும் போதும். அடுத்தவாட்டி யாராச்சும் வேரோட விக்க வந்தா, "தண்டு மட்டும் குடுங்க, நானே வெச்சுக்கறேன்"னு சொல்லிப் பாருங்க. எங்கிருந்து கொண்டாந்தாங்கன்னு அவங்க முழியே சொல்லிரும்.