இரைச்சல் என்று முடிவு செய்தது யார்?

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா மகன், சென்னையிலுள்ள ஓர் இசைப்பள்ளியின் தாளக்கருவிப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தான். அவன் கருவி பறை. தேர்வு ஜூமில், பத்து நிமிடம். ஒத்திகை பார்க்கலாமென்று மதுரையில் என் விடுதி அறையிலிருந்து அழைத்தேன். அவன் பேசுவது தெளிவாகக் கேட்டது. குச்சி தோலில் விழுந்தால் மட்டும் ஒன்றிரண்டு அடி வந்து அமுங்கிவிட்டது.

போனில் கோளாறு இல்லை. பேச்சைத் தவிர மற்றதைப் பின்னணி இரைச்சல் என்று வடிகட்டுவது ஜூமின் வழக்கம். இசைப்பவர்களுக்காக ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு வசதி அதற்குள் இருக்கிறது. அதைப் போட்டால் வடிகட்டல் நின்றுவிடும். பள்ளி அனுப்பிய குறிப்பில் இது இல்லை. தனி அறை, வெற்றுச் சுவர், அமைதியான சூழல் வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மென்பொருளுக்குச் சாதி தெரியாது. மிருதங்கத்தையும் அது அமுக்கும். ஆனால் மிருதங்கம் பயிலும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஒரு வாத்தியார் இருப்பார், முன்பே தேர்வாகிப் போன ஓர் அண்ணன் இருப்பார். எங்கள் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் வீடு ஒற்றை அறை. அங்கே பறை அடித்தால் தெருவே வந்து “யாரு செத்தது?” என்று கேட்கும். அதனால் அவன் பழகியது கருவேலங்காட்டுக்குள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். தீயில் காட்டி இறுக்கிய சூட்டோடு அடிக்க வேண்டும். காத்திருப்பு அறையில் இருபது நிமிடம் உட்காரவைத்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். இதெல்லாம் தேர்வாளருக்குத் தெரியுமா?

விண்ணப்பத்தில் ‘குருவின் பெயர்’ என்று ஒரு கட்டம். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அய்யா. “சாவுக்கு இனி அடிக்க மாட்டோம்னு சொல்லி பரண்ல தூக்கிப் போட்டவன் நான். என் பேரை எதுக்குடா போடுறே?” என்றார். பறையைக் கீழே வைத்த தலைமுறையின் கோபம் நியாயமானது. அய்யா விட்டது சாதி சுமத்திய வேலையை. தாளம் அவர் கையில் அப்படியே இருந்தது. பேரன் கேட்டதும் இறக்கிக் கொடுத்தார்.

மிருதங்கத்துக்கும் தோல் வேண்டும். அதைச் செய்யும் தலித் கிறித்தவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வெளியானபோது, விழாவுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கருவி மேடையேறலாம், செய்தவரின் கதை ஏறக்கூடாது.

1970, 80களில் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பலவும் தேர்வின்போது வாசிப்பவருக்கும் தேர்வாளருக்கும் நடுவே திரை கட்டின. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று கம்பளம்கூட விரித்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் அங்கே பெண் கலைஞர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. அந்தத் திரை ஆளை மறைத்து இசையைக் கேட்கவைத்தது. நம் கைப்பேசித் திரை வீட்டையும் சுவரையும் காட்டிவிட்டு, இசையை அமுக்குகிறது.

இசைப்பள்ளிகள் இதைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. முதல் சுற்றில் கேமரா வேண்டாம், ஒலிப்பதிவு போதும். நேரலைத் தேர்வென்றால், ஒலி சரியாக வருகிறதா என்று முதல் நாளே பள்ளியே அழைத்துப் பார்க்கட்டும். ‘குருவின் பெயர்’ என்பதை எடுத்துவிட்டு ‘எங்கே, எப்படிக் கற்றாய்?’ என்று கேட்கட்டும். காட்டில் கற்றவனும் அதற்குப் பதில் எழுதுவான்.

நீங்கள் இசைப்பள்ளியில் படித்தவராக இருந்தால், உங்கள் ஊரில் தேர்வுக்குத் தயாராகும் ஒரு பிள்ளையை இந்த வாரமே ஜூமில் அழைத்து ஒத்திகை பாருங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று சொல்லிக்கொடுங்கள்.

எங்கள் வீட்டில் முடிவுக்காகக் காத்திருக்கிறோம். ‘குருவின் பெயர்’ கட்டத்தில் அவன் அய்யாவின் பெயரைத்தான் எழுதினான், முழுப் பெயரையும்.